பெயர் பெற்ற பறவைகளும் பெயரற்ற கைகளும்: இலங்கைப் பறவை நூல்கள் பற்றிய ஒரு நோக்கு

கண்டி நகரையும் குண்டசாலை முதலான அதன் அயற்பகுதிகளையும் சூழ்ந்துள்ள மரச்செறிவு மிக்க தோட்டங்களிலே ஒரு வகைக் கிளி வாழ்கின்றது. நீலஞ்சார்ந்த சாம்பல் நிறத் தலையும், சாம்பல் நிற முதுகும், கழுத்தைச் சுற்றிப் பச்சை வளையமும் கொண்ட இக்கிளி இலங்கைக்கே உரிய இனமாகும். இதனை ஆங்கிலத்தில் ‘லேயாட்டின் கிளி’ என்பர். இதன் இலத்தீன் இனப்பெயரான ‘கல்த்ராப்பே’ என்பது அந்த லேயாட்டின் மனைவியாருடைய பிறந்தகக் குடும்பப் பெயரிலிருந்து ஆக்கப்பட்டது. சிங்கள மக்கள் இதனை ‘அளு கிரவா’, அதாவது சாம்பற்கிளி, என்று அழைப்பர். முதலிரண்டு பெயர்களையும் கேட்பவர் ஓர் ஆங்கிலேயக் குடும்பத்தைப் பற்றி அறிவாரேயன்றிப் பறவையைப் பற்றி ஒன்றும் அறியார். மூன்றாவது பெயரைக் கேட்பவர், கிளியை முன்பின் கண்டிராதவராயினும், அதனை மரக்கிளையில் இனங்கண்டுகொள்வார்.

ஒரு பறவைக்கு மூன்று பெயர்கள் இருப்பது வியப்புக்குரியதன்று. ஆயின் உலகம் முழுவதும் ஏற்றுக்கொண்ட பெயர்கள் எவை, ஏலாது விட்ட பெயர் எது என்பது சிந்திக்கத்தக்கது. 18 ஆம், 19 ஆம் நூற்றாண்டுகளில் எழுந்த இலங்கைப் பறவை நூல்கள் அறிவியல் நூல்களாக மாத்திரமே இதுவரை பெரிதும் நோக்கப்பட்டு வந்துள்ளன. அவை எழுத்தும் ஓவியமும் கலந்த நூல்கள். குறிப்பிட்ட காலத்தின் சமுதாய உறவுகளிலே பிறந்தவை. ஆகவே திறனாய்வுக்கும் உரியவை. அந்நூல்களில் யாருடைய கண் கண்டது, யாருடைய கை வரைந்தது, யாருடைய பெயர் நின்றது என்ற வினாக்களை எழுப்பி, அவற்றின் பெறுமதியை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தேசாதிபதியும் வரைஞரும்

இலங்கைப் பறவைகள் ஐரோப்பிய அறிவுலகிற்கு முறையாக அறிமுகமானது ஒல்லாந்தர் காலத்திலாகும். 1752 ஆம் ஆண்டு முதல் 1757 ஆம் ஆண்டு வரை இலங்கையின் ஒல்லாந்தத் தேசாதிபதியாக இருந்த யொவான் கிடியன் லோட்டன் (1710–1789) இயற்கைப் பொருள்களிலே பெருவிருப்புடையவர். அவர் தாம் கண்ட பறவைகளையும் விலங்குகளையும் வரைவிப்பதற்காகப் பீற்றர் கொர்னேலிஸ் டி பெவர் என்பவரை அமர்த்தினார். டி பெவர் இலங்கையிலே பிறந்தவர். ஐரோப்பிய வழியும் இலங்கை வழியும் கலந்த குடும்பத்தவர்.

லோட்டன் பின்னர் இங்கிலாந்திற் குடியேறியபோது ஓவியங்களும் அவருடன் சென்றன. தோமஸ் பெனன்ற் 1769 ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘இந்திய விலங்கியல்’ என்னும் நூலும், பீற்றர் பிரவுண் 1776 ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘விலங்கியலின் புதிய விளக்கப்படங்கள்’ என்னும் நூலும் இவ்வோவியங்களைப் பெரிதும் ஆதாரமாகக் கொண்டவை. தையற்சிட்டு, மஞ்சள்மூக்கு நாரை, தீக்காக்கை, செம்முகக் குயிலினமாகிய மல்கொகா ஆகியவற்றுக்கு இன்றும் வழங்கும் இலத்தீன் இனப்பெயர்களுக்குப் பின்னால் பெனன்றின் பெயரும் 1769 என்ற ஆண்டும் நிற்கின்றன. இவற்றுள் ‘மல்கொகா’ என்பது சிங்களச் சொல்லே. ஆங்கிலப் பறவைப் பெயர்களுள் நிலைபெற்றுவிட்ட அரிய சில இலங்கைச் சொற்களுள் அதுவும் ஒன்றாகும்.

இவ்வரலாற்றில் ஒரு நுட்பம் உண்டு. பெயரிட்ட அறிஞர்களுட் சிலர் பறவையையே கண்டதில்லை. பிரவுணின் நூலிலே ஊதா கலந்த தோள்களுடன் வரையப்பட்ட பச்சைப்புறா ஒன்று ‘பொம்படோர் புறா’ எனப்பட்டது. ஜேர்மானிய அறிஞரான க்மெலின் 1789 ஆம் ஆண்டிலே அதனை அடிப்படையாகக் கொண்டு அப்புறாவுக்கு ‘பொம்படோரா’ என்ற இலத்தீன் இனப்பெயரை வழங்கினார். இலங்கைக் காட்டிலே ஒரு புறா. அதனைக் கொழும்பிலிருந்து வந்த ஓவியம் காட்டிற்று. ஓவியத்தை இலண்டன் நூலொன்று படியெடுத்தது. படியைக் கண்டு ஜேர்மனியிலே பெயர் பிறந்தது. பறவைக்கும் பெயருக்கும் இடையே இத்தனை கைகள். அவற்றுள் பறவையை நேரிற் கண்டு வரைந்த கைதான் மிக எளிதாக மறக்கப்பட்டது. லோட்டனின் பெயர் ‘லோட்டனின் தேன்சிட்டு’ என இன்றும் பறந்துகொண்டிருக்கின்றது. டி பெவரின் பெயரில் அத்தகைய புகழ்பெற்ற பறவை எதுவும் இல்லை. 1908 ஆம் ஆண்டிலே டொனால்ட் பேர்குசன் என்பவர் றோயல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளைச் சஞ்சிகையில் லோட்டனையும் டி பெவரையும் இணைத்து எழுதிய பின்னரே இவ்வோவியர் ஓரளவு வெளிச்சத்துக்கு வந்தார். ஒன்றரை நூற்றாண்டு கழித்துக் கிடைத்த நீதி அது.

மூடிய மலைகள்

பெனன்றின் நூலிலே இடம்பெற்ற இலங்கைப் பறவைகள் பெரும்பாலும் தாழ்நிலத்தில் வாழ்பவை. மலைநாட்டு உச்சிகளுக்கே உரிய பறவைகள் அங்கு இல்லை. இதன் காரணத்தைப் பறவையியலில் தேட வேண்டியதில்லை. அரசியல் வரலாற்றிலே தேட வேண்டும். ஒல்லாந்தர் கரையோரத்தை ஆண்டனர். மலைநாடு கண்டி மன்னரின் ஆட்சியில் இருந்தது. 1707 முதல் 1739 வரை ஆண்ட ஸ்ரீ வீர நரேந்திரசிங்கன் குண்டசாலையிலே அரண்மனை அமைத்து வாழ்ந்தமையால் ‘குண்டசாலை மன்னன்’ என்றே வழங்கப்பட்டான். அவனுக்குப் பின் நாயக்கர் வழியினர் அரசேற்றனர். லோட்டன் கொழும்பிலிருந்து பறவை ஓவியங்களைத் திரட்டிய ஆண்டுகளிலே கண்டியில் ஆட்சி செய்தவன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் (1747–1782). குண்டசாலையின் மரங்களும் அதற்கப்பாலுள்ள மலைக்காடுகளும் தேசாதிபதியின் ஓவியருக்கு எட்டாதனவாயிருந்தன.

1815 ஆம் ஆண்டிலே கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. அதன் பின்னரே மலைநாட்டுப் பறவைகளின் பெயர்கள் அறிவியலேடுகளில் ஒன்றன்பின் ஒன்றாக ஏறின. மஞ்சட்காதுக் கொண்டைக்குருவி 1851 இல். மலைநாட்டுக் காட்டுப்புறா 1853 இல். மங்கிய நீல நிற ஈப்பிடிப்பான் 1870 இல். மலையருவியோரச் சீழ்க்கைக்குருவி 1872 இல். இவ்வாண்டுகளை வரிசைப்படுத்தி நோக்கினால் அது பறவைகளின் பட்டியலாக மாத்திரமன்றி, வீதிகளும் கோப்பித் தோட்டங்களும் மலையேறிய வரலாறாகவும் அமைவதைக் காணலாம்.

பெயர்களும் அவ்வரலாற்றையே பேசுகின்றன. மலைநாட்டுக் காட்டுப்புறாவின் இலத்தீன் இனப்பெயர் ‘டொறிங்டோனியே’. இது தேசாதிபதி டொறிங்டன் பிரபுவின் மனைவியாரைச் சிறப்பிப்பது. அத்தேசாதிபதியின் காலத்திலேதான் 1848 ஆம் ஆண்டின் மாத்தளைக் கிளர்ச்சி இராணுவச் சட்டத்தினால் அடக்கப்பட்டது. புரன் அப்பு கண்டியிலே சுட்டுக் கொல்லப்பட்டான். ஐந்தாண்டுகள் கழித்து அதே மலைகளின் புறாவொன்று தேசாதிபதியின் இல்லத்துப் பெயரைப் பெற்றது. சீழ்க்கைக்குருவிக்கு அமைந்த ‘பிளைகி’ என்ற பெயரோ சாமுவேல் பிளை என்னும் கோப்பித் தோட்டக்காரரை நினைவூட்டுவது. நிழலடர்ந்த மலையருவிகளை நாடி வாழும் பறவை அது. அக்காடுகளை வெட்டியே கோப்பி நடப்பட்டது. அழிவை நிகழ்த்திய பொருளாதாரமே அழிவதைப் பதிவு செய்யும் வாய்ப்பையும் சிலருக்கு வழங்கிற்று. இம்முரண்பாட்டை மறைத்துவிட்டு அக்கால இயற்கையியலாளரின் ஆர்வத்தை மாத்திரம் புகழ்வது அரைகுறை மதிப்பீடாகும்.

அக்கோப்பித் தோட்டங்களுக்காகத் தென்னிந்தியாவிலிருந்து மன்னார் வழியே கால்நடையாக வந்த தமிழ்த் தொழிலாளரும் இக்காடுகளினூடாகவே நடந்தனர். காட்டை வெட்டியவர்களும் சுமை தூக்கியவர்களும் அவர்களே. தோட்டத்துரை கண்ட பறவைக்கு நூலிலே இடம் கிடைத்தது. அதே மரத்தடியில் நின்ற தொழிலாளி கண்டதற்கு இடம் கிடைக்கவில்லை.

லேயாட்டும் முத்துவும்

இப்பொதுவிதிக்கு ஒரு விலக்கு உண்டு. அவ்விலக்கு ஒரு தமிழனுடைய பெயராய் அமைந்தது கவனத்துக்குரியது.

எட்கார் லெயோபோல்ட் லேயாட் (1824–1900) 1846 ஆம் ஆண்டிலே இலங்கைக்கு வந்து அரசாங்க சேவையில் அமர்ந்தவர். ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் பறவைகளைத் திரட்டினார். 1853 ஆம், 1854 ஆம் ஆண்டுகளிலே இலண்டன் இயற்கை வரலாற்றுச் சஞ்சிகையொன்றில் தொடராக வெளிவந்த அவரது ‘இலங்கைப் பறவையியற் குறிப்புக்கள்’ பிற்கால ஆய்வுகள் அனைத்துக்கும் அடித்தளமாயின. அவர் அனுப்பிய பறவைத் தோல்களுட் பலவற்றைக் கல்கத்தாவிலே ஆசியக் கழக அரும்பொருளகத்தின் பொறுப்பாளராயிருந்த எட்வேட் பிளைத் ஆராய்ந்து பெயரிட்டார்.

லேயாட்டிடம் பணிபுரிந்த முத்து என்பவர் ஒருநாள் பருத்தித்துறையிலே சிறிய பழுப்பு நிற ஈப்பிடிப்பான் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அதுவரை அறிவுலகம் அறிந்திராத இனம் அது. 1854 ஆம் ஆண்டில் அதனை விவரித்த லேயாட், அதற்கு முத்துவின் பெயரையே சூட்டினார். தமது சிறந்த பறவைகள் பலவற்றை இப்பணியாளரின் பொறுமையினாலும் விடாமுயற்சியினாலுமே பெற்றதாக அவர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். இன்றும் அப்பறவை ‘மசிக்காப்பா முத்துயி’ என்றே உலகெங்கும் வழங்குகின்றது. வட இந்தியாவின் கிழக்குப் பகுதியிலும் தென் சீனத்திலும் இனப்பெருக்கம் செய்து, குளிர்காலத்திலே தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வலசை வருவது இது. நிழலடர்ந்த ஓடைக்கரைகளிலே தனித்து அமர்ந்து பூச்சிகளைப் பிடிக்கும் அடக்கமான பறவை. வறண்ட பருத்தித்துறையிலே அது அகப்பட்டதற்குக் காரணம் வலசை வழியில் இறங்கியமையாதல் கூடும். அத்தகைய சிறு பறவையை மற்றைய ஈப்பிடிப்பான்களிலிருந்து வேறுபடுத்தி, இது புதிது என்று எடுத்துவந்த கண் சாதாரணப் பணியாளின் கண் அன்று, பயின்ற கண்.

லேயாட்டின் இச்செயல் பாராட்டுக்குரியது. ஆயினும் பாராட்டோடு நின்றுவிடலாகாது. ஏவலாளன் என்ற நிலையிலிருந்து முத்து அந்நூலிலே விடுபடவில்லை. அவரது ஊர், குடும்பம், அவர் பறவைகளைக் கண்டறிந்த முறை, அவர் வழங்கிய பெயர்கள் ஆகியவை பற்றிய தனி வரலாறு அங்கு எழுதப்படவில்லை. அவர் கைப்பட எழுதிய குறிப்பும் இல்லை. அவரைப் பற்றி அறியக்கூடியதெல்லாம் அவருடைய எசமானன் எழுதியதே. மேலும் அதே பறவைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர்களுள் ஒன்று ‘லேயாட்டின் ஈப்பிடிப்பான்’ என்பது. இலத்தீனிலே பணியாளரின் பெயர் நிற்க, பேச்சு வழக்கிலே எசமானரின் பெயர் அதனை மூடிக்கொண்டது.

இது தற்செயலான ஒன்றன்று என்பதை மற்றோர் எடுத்துக்காட்டும் உணர்த்துகின்றது. எட்வேட் பிரெடெரிக் கெலாட் (1819–1860) இலங்கையிற் பிறந்த மருத்துவர். 1852 ஆம் ஆண்டில் இலங்கை விலங்குகள் பற்றிய முன்னோடி நூலொன்றை வெளியிட்டவர். மலைநாட்டுக் குடுமிக் கழுகினத்துக்கு 1878 ஆம் ஆண்டிலே அவரது பெயர் இலத்தீனிற் சூட்டப்பட்டது. சூட்டியவர் வில்லியம் வின்சன்ற் லெக். அக்கழுகை இன்று ஆங்கிலத்தில் ‘லெக்கின் கழுகு’ என்பர். இரண்டு பறவைகளிலும் மண்ணின் மைந்தர் இலத்தீனுக்குள் ஒதுங்கினர். பெயரிட்டவர் பொதுவழக்கில் நிலைத்தார்.

லெக்கின் எழுத்தும் கூல்மன்சின் தூரிகையும்

இலங்கைப் பறவை நூல்களுள் தலைசிறந்தது லெக் எழுதிய ‘இலங்கைப் பறவைகளின் வரலாறு’ (1878–1880) என்பதில் ஐயமில்லை. தஸ்மேனியாவிற் பிறந்த லெக் (1841–1918) பீரங்கிப் படை அதிகாரியாக 1868 முதல் 1877 வரை இலங்கையிற் பணியாற்றினார். கொழும்பு, காலி, திருகோணமலை எனப் பணி நிமித்தம் சென்ற இடமெல்லாம் குறிப்பெடுத்தார். 1,200 பக்கங்களுக்கு மேற்பட்ட அந்நூலுக்கு யோன் ஜெராட் கூல்மன்ஸ் (1842–1912) வண்ணப்படங்கள் வரைந்தார்.

இந்நூலின் நடையை இருவகையாகப் பிரித்து நோக்கலாம். ஒன்று, அலகின் நீளம், சிறகின் நீளம், இறகின் நிறம் ஆகியவற்றை அடுக்கிச் செல்லும் அளவைப் பகுதி. அது தோலை மேசைமீது வைத்துக்கொண்டு எழுதப்பட்டது. மற்றையது, பறவையின் வாழ்க்கையைக் கூறும் பகுதி. எந்த மரத்தில் அமரும், எப்பொழுது குரல் கொடுக்கும், எந்த மாதத்தில் எவ்விடத்தில் காணலாம் என்பவற்றை லெக் அங்கு பொறுமையுடன் விரிக்கின்றார். தாம் நேரிற் கண்டது எது, பிறர் கூறக் கேட்டது எது என்பதையும் வேறுபடுத்துகின்றார். சான்றைச் சான்றாகவே கையாளும் இந்நேர்மை எந்தத் துறையின் மாணவனுக்கும் பாடமாகும். ஒவ்வொரு பறவைக்கும் கிடைத்த சிங்கள, தமிழ்ப் பெயர்களையும் அவர் பதிவு செய்துள்ளார். அப்பெயர்களைச் சொன்னவர்கள் யார் என்பது பெரும்பாலும் கூறப்படவில்லை. ஆயினும் பெயர்களேனும் பிழைத்தன. இன்று வழக்கொழிந்து போன நாட்டார் சொற்களைத் தேடும் தமிழ் மாணவருக்கு ஓர் ஆங்கிலப் படையதிகாரியின் நூல் மூலமாக அமைவது வரலாற்றின் விந்தை எனலாம்.

கூல்மன்சின் படங்களை மதிப்பிடும்போது அவர் தொழிற்பட்ட முறையையும் கருத்திற் கொள்ளல் வேண்டும். ஒல்லாந்தரான அவர் இங்கிலாந்திலே குடியேறி, உலகின் பல பகுதிகளிலிருந்தும் வந்த தோல்களைக் கொண்டு வரைந்தவர். உலர்ந்த தோலிலே கண்ணின் நிறமும் கால், அலகு ஆகியவற்றின் நிறமும் மங்கிவிடும். சேகரித்தவர் குறித்தனுப்பிய சொற்களே அவற்றுக்கு ஆதாரம். ஆகவே படத்தில் ஒளிரும் பறவையின் கண், உண்மையில் ஒரு சொல்லிலிருந்து பிறந்த கண். இறகடுக்குகளை அவர் காட்டும் திறன் வியத்தற்குரியது. எனினும் சில பறவைகள் கிளையில் வைக்கப்பட்டவை போலத் தோன்றுகின்றன. டி பெவரின் ஓவியங்களுக்கும் இவற்றுக்கும் உள்ள வேறுபாடு இதுவே. கூல்மன்சின் கை அதிகம் பயின்றது; டி பெவரின் கை பறவைக்கு அருகில் இருந்தது.

கூல்மன்ஸ் கல்லில் வரைந்த கோடுகள் அச்சாகிய பின் ஒவ்வொரு படியும் கையாலேயே வண்ணந் தீட்டப்பட்டது. இவ்வாறு கூலிக்கு வண்ணந் தீட்டியோர் பெயரும் நூலின் முகப்பில் இடம்பெறுவதில்லை. ஆகவே பெயரழிவு குடியேற்ற நாடுகளில் மாத்திரம் நிகழ்ந்ததன்று. உழைப்பு எங்கெல்லாம் கூலிக்கு வாங்கப்பட்டதோ அங்கெல்லாம் நிகழ்ந்தது.

கடல் கடந்த ஓர் ஒப்பீடு

இதனை வட அமெரிக்கப் பறவை நூல்களின் வரலாறும் உறுதி செய்கின்றது. யோன் யேம்ஸ் ஒடுபன் (1785–1851) 1827 முதல் 1838 வரை வெளியிட்ட ‘அமெரிக்கப் பறவைகள்’ 435 படங்களைக் கொண்டது. பறவைகளை அவற்றின் இயல்பான அளவிலேயே காட்டுவது. சுட்ட பறவைகளைக் கம்பிகளால் நிறுத்தி, உயிருள்ளவை போன்ற நிலையில் அமைத்து அவர் வரைந்தார். 1820 ஆம் ஆண்டிலே அவருடன் ஆற்றுவழிப் பயணம் புறப்பட்ட யோசேப்பு மேசன் என்னும் 13 வயதுச் சிறுவன், பல படங்களில் பறவைகள் அமர்ந்திருக்கும் செடிகொடிகளை வரைந்தான். அச்சான படங்களில் அவன் பெயர் இல்லை. பூங்கொத்தின் மேலமர்ந்த பறவை புகழ்பெற்றது; பூவை வரைந்த சிறுவன் மறக்கப்பட்டான்.

அந்நாட்டிலே இவ்வினா இன்று புதிய வடிவம் பெற்றுள்ளது. ஒடுபன் அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்தவர் என்பது அண்மைக் காலத்தில் பெருவிவாதத்துக்குள்ளாயிற்று. 2023 ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்கப் பறவையியற் கழகம், மனிதர் பெயரால் வழங்கும் பறவைகளின் ஆங்கிலப் பெயர்களை மாற்றி, பறவையின் இயல்பைக் குறிக்கும் பெயர்களை வழங்கப்போவதாக அறிவித்தது. ‘அளு கிரவா’ என்று பெயரிட்ட கிராமத்தவர் என்றோ பின்பற்றிய நெறியை அறிஞர் கழகமொன்று இப்பொழுது வந்தடைந்துள்ளது.

இலங்கையிலும் இவ்வாறு செய்யலாமா என்ற வினா எழுதல் இயல்பே. மனிதர் பெயர் அனைத்தையும் ஒரே அளவுகோலால் அழிப்பது பொருத்தமன்று. டொறிங்டன் சீமாட்டியின் பெயர் அதிகாரத்துக்குச் செலுத்தப்பட்ட வணக்கம். முத்துவின் பெயர் உழைப்புக்குச் செலுத்தப்பட்ட நன்றி. இரண்டையும் ஒன்றாகக் கருதினால், அழிக்கப்பட்டோர் வரிசையிலே தப்பிய ஒரே பெயரும் அழிய நேரிடும். இலத்தீன் பெயர்கள் மாற்றமின்றி நிற்பதே அறிவியலின் மரபாதலால் அவை வரலாற்றுச் சான்றுகளாக இருக்கட்டும். வாசிக்கப்பட வேண்டியவை அவை. மக்கள் நாவில் வழங்கும் பெயர்களோ பறவையைக் காட்டும் பெயர்களாக அமையட்டும்.

அறிவு பொதுவானது, கண்டவர் பெயர் எதற்கு என வாதிடுவாரும் உளர். இவ்வாதம் அறிவியலுக்கே முரணானது. ஒரு பறவை எங்கே, எப்பொழுது, எவரால் எடுக்கப்பட்டது என்பது சான்றின் பகுதி. அது தவறின் முடிவும் தவறும். பருத்தித்துறையையும் முத்துவையும் நீக்கிவிட்டால் அந்த ஈப்பிடிப்பானின் வலசை வரலாற்றிலே ஒரு தடயம் மறைந்துவிடும். ஆகவே பெயரைக் கோருவது நன்றியின்பாற்பட்டது மாத்திரமன்று, உண்மையின்பாற்பட்டதுமாகும்.

மண்ணிலிருந்து பார்த்தல்

20 ஆம் நூற்றாண்டிலே இவ்வரலாற்றில் ஒரு திருப்பம் ஏற்பட்டது. ஜோர்ஜ் மொறிசன் றீட் ஹென்றி (1891–1983) இலங்கைத் தேயிலைத் தோட்டமொன்றிலே பிறந்தவர். 1910 ஆம் ஆண்டிலே கொழும்பு அரும்பொருளகத்தில் வரைஞராகச் சேர்ந்தார். 1927 முதல் 1935 வரை வெளிவந்த ‘இலங்கைப் பறவைகளின் வண்ணப்படங்கள்’ அவர் வரைந்தவை. 1955 ஆம் ஆண்டில் வெளியான அவரது ‘இலங்கைப் பறவைகளுக்கு ஒரு கைந்நூல்’ எழுத்தும் ஓவியமும் ஒருவரிடமே சங்கமித்த நூல். தாம் நெடுங்காலம் நேரிற் கண்டு பழகிய பறவையைத் தாமே வரைந்து தாமே எழுதியமையால், லெக்கின் நூலிலே சொல்லுக்கும் படத்துக்கும் இடையே இருந்த கடல் இங்கு இல்லை. ஹென்றியின் பறவைகள் அமரும் விதமே அவை இன்னவை என்று காட்டிவிடுகின்றன. அளவைகளை ஓரிரு வரிகளில் முடித்துவிட்டு, குரலையும் கூட்டையும் இரை தேடும் முறையையும் அவர் விரிக்கின்றார். அறிஞருக்காக எழுதப்பட்ட வரலாறு, தோட்டத்து வேலியருகே நிற்பவருக்கான கைந்நூலாக மாறியதிலேயே ஒரு சமுதாய மாற்றத்தைக் காணலாம்.

அம்மாற்றத்தின் அடுத்த கட்டம் 2004 ஆம் ஆண்டிலே நிகழ்ந்தது. தீபால் வராக்காகொட 1995 ஆம் ஆண்டிலே மழைக்காட்டில் ஓர் அறியாக் குரலைக் கேட்டார். ஆறாண்டுகள் அதனைத் தொடர்ந்து 2001 ஆம் ஆண்டிலே சிங்கராஜவில் அச்சிறு ஆந்தையை நேரிற் கண்டார். 2004 ஆம் ஆண்டிலே பமெலா றஸ்முசனுடன் இணைந்து அதனைப் புதிய இனமாக விவரித்தார். முத்துவின் பறவை எசமானரின் எழுத்திலே வெளிவந்தது. வராக்காகொடவின் ஆந்தை கேட்டவரின் எழுத்திலேயே வெளிவந்தது. நூற்றைம்பது ஆண்டுகளின் இடைவெளியிலே, கண்டவனும் எழுதியவனும் ஒருவனே என்னும் நிலை எய்தப்பட்டுள்ளது. அவ்வாந்தைக்குச் சூட்டப்பட்ட பெயர், சிங்கராஜ வனம் வெட்டப்படுவதை எதிர்த்து நின்ற திலோ ஹொஃப்மனுடையது. வனத்தை ஆண்டவர் பெயரன்றிக் காத்தவர் பெயர் அமைந்தமை பெயரிடும் மரபே மாறிவருவதைக் குறிக்கின்றது.

தமிழ் மாணவர்க்குள்ள பணி

தமிழிலக்கியத் திறனாய்வு பறவைகளைப் பெரும்பாலும் உவமையாகவும் உள்ளுறையாகவுமே கண்டுவந்துள்ளது. தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்குமுரிய கருப்பொருளுள் புள்ளையும் வைத்தது. நிலத்துக்கும் பறவைக்கும் உள்ள பிணைப்பைக் கூர்ந்து நோக்கியவர்களின் வகுப்பு அது. குறுந்தொகையிலே கபிலரின் தலைவி, காதலன் தன்னைக் கூடிய நாளில் உடனிருந்தது ஓடுநீரில் ஆரல் மீனை நோக்கி நின்ற குருகு மாத்திரமே என்கின்றாள். அக்குருகு வெறும் அணியன்று. மெல்லிய கால்களுடன் அசையாது நின்று, மீனைத் தவிர வேறொன்றையும் நோக்காத பறவையின் இயல்பை அறியாதவர், அது சாட்சியாக மாட்டாத துயரத்தையும் அறிய இயலாது. பறவையை அறிவது பாட்டை அறிவதற்கும் வழியாகும்.

இந்நோக்கு மரபு இடையிலே தேய்ந்தது. உரைகாரர் பலர் பறவையை ‘ஒருவகைப் பறவை’ என்று கூறி அகன்றனர். அதே காலத்தில் வயலிலும் கடற்கரையிலும் தோட்டத்திலும் வாழ்ந்த மக்கள் பறவைகளுக்குப் பெயரிட்டுக்கொண்டே இருந்தனர். நூலறிவுக்கும் மக்களறிவுக்கும் இடையே ஏற்பட்ட இப்பிளவு ஐரோப்பியர் ஏற்படுத்தியதன்று. தமிழ்ப் புலமை மரபே அதற்குப் பொறுப்பேற்றல் வேண்டும். முத்துவின் பெயரை லேயாட் குறைவாக எழுதினார் எனக் குறைகூறும் தமிழுலகம், முத்துவைப் பற்றித் தான் எவ்வளவு எழுதிற்று என்ற வினாவுக்கும் விடையிறுக்க வேண்டியதாகும்.

எனவே லோட்டன், லேயாட், லெக், ஹென்றி ஆகியோரின் நூல்களைக் குடியேற்ற ஆட்சியின் எச்சமென்று ஒதுக்குவதும் தகாது. குறைகாணாது போற்றுவதும் தகாது. அவற்றைத் திறந்து, அவற்றுள் மறைந்துள்ள கைகளைத் தேடி வாசிக்க வேண்டும். லெக்கும் ஹென்றியும் பதிவு செய்த தமிழ்ப் பெயர்களைத் திரட்டி, அவை இன்றும் வழங்குகின்றனவா என்பதை ஊர்களிற் சென்று ஆராயலாம். மலையகத் தோட்டங்களில் வாழும் முதியோரிடம் அங்கு வழங்கும் பறவைப் பெயர்களைக் கேட்டு, சொன்னவரின் பெயரையும் ஊரையும் சேர்த்தே எழுதலாம். கண்டியின் உடவத்தக்கலைக் காடும் குண்டசாலையின் மகாவலிக் கரையும் பல்கலைக்கழக மாணவர்க்குத் தொலைவில் உள்ளவையல்ல.

அவ்வாறு எழுதப்படும் ஏட்டிலே அந்தச் சாம்பற்கிளிக்குத் தமிழிலும் ஒரு பெயர் அதன் நிறத்தைக் கொண்டே அமையும். அதனை முதலிற் சுட்டிக்காட்டியவரின் பெயர், முத்துவின் பெயரைப்போல வேற்றுமொழியின் உருபு ஒட்டிய நிலையிலன்றி, அவர் தாமே கூறிய வடிவில் அதன் அருகிலே நிற்கும்.